ஜீவராணி மிதித்த பிரேக்

ஜீவராணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு முழத் தூரம்கூட நகர்த்தியதில்லை. ஆனாலும் இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், அவளளவுக்குப் பிரேக் மிதித்தவர்கள் யாரும் கிடையாது. முன்பெல்லாம் இதைச் சொன்னால், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

அவள் புருஷன் யோகேஸ்வரனிடம் பழைய ஜப்பான் வேகன் ஒன்று இருந்தது. வயதில் அது ஜீவராணியை விட ஐந்து வருடம்தான் இளையது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிகள், சனிக்கிழமை என்றால் பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு லயத்து மரக்கறித் தோட்டங்களுக்கு உர மூட்டையும் கோழி எருவும். அந்த வண்டி இல்லாமல் மேல் டிவிஷனில் ஒரு காரியமும் நடக்காது. அது தெரிந்ததால் யோகேஸ்வரனுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கராஜ் வாசலை அவன் மிதித்ததே இல்லை. எது பழுதானாலும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஜெக் வைத்துத் தூக்கி, அடியில் படுத்துவிடுவான்.

மற்ற வேலைக்கெல்லாம் அவனுடைய இரண்டு கை போதும். பிரேக் வேலைக்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். பிரேக் பைப்பைக் கழற்றிப் பூட்டினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். அதை வெளியேற்ற ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு சின்ன நட்டைத் திறந்து திறந்து மூட வேண்டும். கல்யாணம் கட்டிய மறு வருடத்திலிருந்து அந்த மேலே உட்காரும் ஆள் ஜீவராணிதான். "அமுக்கு. புடி. விடு." புருஷனிடமிருந்து அவள் அதிகம் கேட்ட வார்த்தைகள் இவையாகத்தான் இருக்கும்.

வண்டியில் முருகன் படம் இருப்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவள் ஏறுவாள். வெறுங்காலோடு மிதிப்பாள். அந்தக் கால் சாதாரணக் கால் இல்லை. இருபத்தைந்து வருடமாக நெட்டுக்குத்தான மலையில் கூடையைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கிய கால். எந்த மண் தாங்கும், எந்த மண் ஏமாற்றும் என்பது கண் சொல்வதற்கு முன்னே அதற்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கான் ஓரத்தில் நிற்கும்போது குதிகாலுக்கு அடியில் மண் மெல்ல நழுவுவது அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் கங்காணி கேலி செய்வார் என்று வாயை மூடிக்கொண்டு அடுத்த நிரைக்கு நகர்ந்துவிட்டாள். பின்னால் வந்த வேலாயி அதே இடத்தில் மிதித்து, மண்ணோடு சரிந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். வேலாயி இன்றைக்கும் நேராக நடப்பதில்லை. அவள் எதிரே வந்தால் ஜீவராணி தலையைக் குனிந்துகொள்வாள்.

யோகேஸ்வரனைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குடி இல்லை. கை நீட்டியதில்லை. ஒரே ஒரு பிள்ளை நிலக்ஷி மேல் உயிரையே வைத்திருந்தான். அவனிடம் இருந்த ஒரே வியாதி, தான் செய்த வேலையில் பிழை இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளாதது. மலைப் பாதையில் ஓட்டுகிறவர்கள் பலரையும் போல அவனும் கியரிலேயே இறங்குகிறவன். பிரேக்கைத் தொடாமல் நோர்வூட் போய்ச் சேருவேன் என்று பந்தயம் கட்டுவான், ஜெயித்தும் காட்டுவான். பிரேக் சாகக் கிடந்தாலும் அவனுக்குத் தெரியாமல் போனதற்கு அந்தக் கெட்டிக்காரத்தனமே காரணம். ஹேண்ட் பிரேக் வேலை செய்யாமல் போய் இரண்டு வருடம் இருக்கும். அதற்குப் பதிலாக முன்சீட்டின் காலடியில் ஒரு கருங்கல் கிடந்தது. எங்கே நிறுத்தினாலும் முன்சீட்டில் இருப்பவர் கல்லோடு இறங்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது நிலக்ஷியின் வேலை.

போன டிசம்பரில், பதினோராம் வகுப்புக்கான சாதாரண தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது ஆரம்பித்தது. திங்கட்கிழமை கணிதம். மேல் டிவிஷனில் ஐந்து பிள்ளைகள் எழுதினார்கள், நிலக்ஷியோடு சேர்த்து. மழைக்கு மண் சரிந்து ரோட்டில் பாதி போயிருந்ததால் பஸ் வருவது நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. வேகன்தான் கதி.

அன்று காலையில் பொனட்டைத் திறந்து பார்த்த யோகேஸ்வரன் பிரேக் ஒயில் பாதிக்கும் கீழே இறங்கியிருப்பதைக் கண்டான். அடியில் படுத்துப் பார்த்தால், பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புப் பைப் உர மூட்டை வைக்கும் இடத்துக்கு நேர் கீழே பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஈர மூட்டையிலிருந்து ஒழுகிய உரத் தண்ணீர் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக வருடக்கணக்காகச் சொட்டிச் சொட்டிப் பைப்பைத் தின்றிருக்கிறது. நகத்தால் கீறினாலே செதில் செதிலாக வந்தது. அந்தப் பைப்போடுதான் வெள்ளிக்கிழமை வரை பிள்ளைகளை ஏற்றிப் போனான்.

உடனே நடந்தே நோர்வூட்டுக்கு இறங்கி, ஸ்பெயார் பார்ட்ஸ் கடை ஷிஹாமைப் பிடித்துப் புதுப் பைப் ஒரு சுருள் வாங்கி வந்தான். ஷிஹாம் பைப்பைக் கொடுக்கும்போதே எச்சரித்திருக்கிறார். பைப்பின் வாயை இரட்டையாக மடித்து விரிக்க வேண்டும், ஒற்றை மடிப்புப் பிரேக்குக்குத் தாங்காது, வெடித்துவிடும். அதற்கான மெஷின் தன் தம்பியின் பட்டறையில் இருக்கிறது, ஞாயிறு பூட்டு, திங்கள் ஒன்பது மணிக்கு வந்தால் பத்து நிமிட வேலை என்று சொல்லியிருக்கிறார். திங்கள் ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தில் இருக்க வேண்டும். யோகேஸ்வரன் தலையை ஆட்டிவிட்டு, வருகிற வழியில் குளிர்ப்பெட்டி திருத்துகிற ஒருவனிடம் பைப் வாய் விரிக்கும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டான். அது ஒற்றையாகத்தான் மடிக்கும். குளிர்ப்பெட்டிக்கு அது போதும்.

பகல் முழுக்க வேலை நடந்தது. துருவேறிய நட்டைக் கழற்றவே மதியம் ஆகிவிட்டது. புதுப் பைப்பை அளந்து வெட்டி, வாயை விரித்து முடித்த பிறகுதான் நட்டை முன்னாலேயே கோத்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு நினைவு வந்தது. விரித்த வாய்க்கு மேலால் நட்டு ஏறாது. தன்னையே திட்டிக்கொண்டு முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி விரித்தான். அதில் பைப் இரண்டு அங்குலம் குறைந்துபோனது. வாங்கிய சுருளில் மீதி இல்லை. இழுத்துப் பிடித்து, வளைவை நிமிர்த்தி, எப்படியோ பூட்டிவிட்டான். விறைப்பாக நின்ற அந்தப் பைப்பை ஜீவராணி குனிந்து பார்த்தாள். தளர்வே இல்லாமல் இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பைப்பைப் பற்றிப் பேசுவதற்கு அவள் யார் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கத் தொடங்கியபோது அவளை ஏறச் சொன்னான். அமுக்கு, புடி, விடு. முதலில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பத்து, பதினைந்து தடவைக்குப் பிறகு காற்றுப் போய்க் கெட்டியானது. அவன் அடியிலிருந்து திருப்தியாக ஒரு சத்தம் போட்டான். வழக்கமாக அந்த இடத்தில் அவள் காலை எடுத்துவிட்டு இறங்கிவிடுவாள். அன்று எடுக்கவில்லை. கால் எடுக்க விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அழுத்தியபடியே இருந்தாள். கெட்டியாக நின்ற பெடல், மயிரிழை மயிரிழையாக, உள்ளங்காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கான் ஓரத்து மண்ணை மிதித்த அன்றைக்கு இருந்த அதே உணர்வு.

"என்னங்க, மிதிச்சா நிக்குது. ஆனா மிதிச்சுக்கிட்டே இருந்தா எறங்குதுங்க" என்றாள்.

அவன் வண்டிக்கடியில் வெகுநேரம் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை அசையவில்லை. பிறகு வெளியே வந்து, எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கொஞ்சம் காத்து நிக்குது. நாளைக்கு ஓடுனா சரியாயிரும். சரியாத்தான் இருக்கு புள்ள."

அவள் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அன்று சாயந்திரம் பரீட்சைப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து, வண்டி சரியாகிவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் யோகேஸ்வரன் ஒரே பதிலைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் உறுதியாகிக்கொண்டே வந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஜீவராணிக்கு, தன் கால்தான் பொய் சொல்கிறதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இரவெல்லாம் மழை பெய்தது.

காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் கையில் கணிதப் பெட்டியுமாக மடுவத்தடியில் வந்து நின்றார்கள். மழை விட்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத அளவுக்குப் பனி. வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போக வேண்டிய ஜீவராணி போகவில்லை. யோகேஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கையில், அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கை மிதித்தாள்.

பக்கத்தில் வினோஜனின் அப்பா சின்னராசா நின்றுகொண்டிருந்தார். ஐந்து பேரில் கணக்கில் கெட்டிக்காரன் வினோஜன், அந்தப் பையனை நம்பி ஒரு குடும்பமே காத்திருந்தது.

"அண்ணே, இந்தப் பெடலப் பாத்துக்கிட்டே இருங்க. புள்ளைங்களா, ஒண்ணுலருந்து நூறு வரைக்கும் எண்ணுங்க" என்றாள்.

சின்னராசாவுக்குக் கோபம் வந்தது. நேரம் போகிறது, இது என்ன விளையாட்டு என்று கேட்டார். பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டார். ஆனால் பிள்ளைகள் அதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தார்கள், முதலில் சிரித்துக்கொண்டு, பிறகு சிரிக்காமல். இருபதில் பெடல் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. நாற்பதில் இரண்டு. சின்னராசா குனிந்தவர் நிமிரவில்லை. அறுபத்து மூன்றில் அது தரையில் போய் முட்டியது. எண்ணும் சத்தம் நின்றுவிட்டது.

சின்னராசா பின்னால் போய், டிக்கியைத் திறந்து, மகனுடைய பையை எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். குறுக்குப் பாதையில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனால் ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் பிந்தினாலும் உள்ளே விடுவார்கள் என்று ஒரு தாய் மெதுவாகச் சொன்னாள். யோகேஸ்வரன் கையில் துடைத்த துணியோடு நின்றுகொண்டிருந்தான். இருபது வருடமாக இந்த லயத்துப் பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் ஏற்றி இறக்கியவன் அவன். அத்தனை பேர் முன்னாலும் சொந்தப் பெண்சாதி அவனை நிற்க வைத்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்த ஜீவராணிக்கு, செய்தது சரி என்று தெரிந்திருந்தும், ஐயோ என்றிருந்தது.

அவள் இறங்கியதும் அவன் ஏறினான். ஸ்டார்ட் செய்தான். "எம் புள்ளைய நான் கொண்டுபோறேன். நெலக்ஷி, ஏறு" என்றான்.

நிலக்ஷி அம்மாவைப் பார்த்தாள். இந்த இடத்தில்தான் ஜீவராணி தவறினாள். மற்றவர்களின் நான்கு பிள்ளைகளை வண்டியிலிருந்து விலக்க அவளுக்கு வாய் இருந்தது. தன் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்த அந்த வாய் வரவில்லை. ஒரு தடவை புருஷனை அவமானப்படுத்தியாகிவிட்டது, இரண்டாம் தடவையும் எப்படி என்று தயங்கினாள். லயமே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கியரில் இறங்குகிறவன், மெதுவாகத்தான் போவான், பிரேக் தேவைப்படாது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மகளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அப்பா தனியாகப் போவது பாவமாக இருந்ததாலோ என்னவோ, நிலக்ஷி ஏறிக்கொண்டாள். பனி வண்டியை விழுங்கிவிட்டது.

ஜீவராணியும் சின்னராசாவும் நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குறுக்கில் இறங்கினார்கள். தேயிலைக்கு நடுவால் போகும் படி, ஈரம், அட்டை. சின்னராசா ஒரு இடத்தில் வழுக்கப்போன ஜீவராணியைக் கையைப் பிடித்து நிறுத்தினார். கீழே எங்கோ வேகனின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் கியரின் அந்த முனகலை அவள் எங்கே கேட்டாலும் கண்டுகொள்வாள்.

குறுக்குப் பாதை கார் ரோட்டை இரண்டு இடத்தில் வெட்டிப் போகும். முதல் இடத்தில் நனைந்த மண்ணில் டயர்த் தடம் புதிதாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி ஓடினார்கள். அதன் பிறகு இன்னும் கொஞ்ச தூரம் முனகல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வளைவில் திரும்பவும் கேட்க வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, பிள்ளைகளின் சப்பாத்துச் சத்தம் கேட்டது, வேறு ஒன்றும் இல்லை.

இரண்டாம் இடத்தில், இரவு மழைக்கு மேலேயிருந்து வடிந்த சேறு ரோட்டின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறு கரை வரை பரவி, மெழுகிய தரை போல வழவழப்பாகக் கிடந்தது. வேகன் அதைக் கடந்து கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சேற்றில் ஒரு நாயின் காலடி மட்டும் இருந்தது. டயர்த் தடம் இல்லை. வண்டி இங்கே வந்து சேரவே இல்லை.

சின்னராசாவும் பார்த்துவிட்டார். பிள்ளைகள் பார்க்கவில்லை, அவர்கள் கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள்.

"அண்ணே, நீங்க இவங்கள நிறுத்தாம கூட்டிட்டுப் போங்க" என்றாள் ஜீவராணி.

"போனதும் ஆளுங்கள அனுப்புறேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, அவர் மகனின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினார்.

அவள் ரோட்டோடு மேலே ஓடினாள். வேலாயியின் முகம் வந்தது, நிலக்ஷி ஏறுமுன் பார்த்த பார்வை வந்தது. வேண்டிக்கொள்ளக் கூட வாய் வரவில்லை. ஒரு தலையாட்டல் போதுமாக இருந்ததே, ஒரே ஒரு தலையாட்டல் என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டது. ஒரு வளைவு தாண்டினாள், ஒன்றும் இல்லை. இரண்டாவது வளைவில், மண் சரிந்து பாதி ரோடு போன இடத்தில், நடு ரோட்டில் ஒரு பாறாங்கல் விழுந்து கிடந்தது. அதற்கு மேலே, மண்சுவரை ஒட்டிய கானுக்குள் நிலக்ஷி உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உடுப்பு முழுக்கச் சேறு. இரண்டு கையாலும் அந்தக் கருங்கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜீவராணி அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தலை, கழுத்து, கை, கால். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. பிள்ளைக்குப் பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆனது. பாறை கிடந்ததால் அப்பா வண்டியை நிறுத்தினாராம். தான் இறங்கிப் பாறையைப் புரட்ட வேண்டும், கல்லைப் போடு என்று இவளை இறக்கினாராம். இவள் இடப்பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கல்லை வைக்கும்போது, நின்றிருந்த சக்கரம் உருளத் தொடங்கியது. மேலே பார்த்தால், அப்பா பெடலை மிதித்தபடியே கியரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"என் மேல ஏற வந்துச்சும்மா. அப்பா என்னையப் பாத்தாரு. பாத்துக்கிட்டே ஸ்டியரிங்க அந்தப் பக்கம் ஒடிச்சிட்டாரு."

அந்தப் பக்கம் பள்ளம். ரோட்டின் ஓரம் கடித்து எடுத்த மாதிரி பிய்ந்திருந்தது. கீழே, தேயிலை நிரைகள் நான்கை உழுதுகொண்டு போய், ஐந்தாவதில் சிக்கி, வேகன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளேயிருந்து யோகேஸ்வரன் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உயிர் இருக்கிறது. ஜீவராணி வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

அழுகையை முடித்துக்கொண்டு மகளை எழுப்பினாள். கணிதப் பெட்டி கானில் கிடந்தது. அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கையில் கொடுத்தாள். அப்பாவிடம் போகிறேன் என்று நிலக்ஷி அழுதாள். "அப்பாவ நான் பாத்துக்கிறேன். நீ போய் எழுது" என்று சொல்லி, கிட்டத்தட்டத் தள்ளித்தான் விட்டாள். நிலக்ஷி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடினாள். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், சேற்று உடுப்போடு மண்டபத்துக்குள் போனாள் என்று பிறகு தெரிந்தது.

ஜீவராணி நிரை நிரையாகப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். நசுங்கிய கதவுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே அவனுடைய வலது கால் மாட்டியிருந்தது. இழுக்க முடியவில்லை. ஆட்கள் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். உடைந்த கண்ணாடி வழியாகக் கையை உள்ளே விட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, எழுதப் போய்விட்டாள் என்று சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை வருடத்தில் அந்த மனிதன் மேல் அவளுக்கு அவ்வளவு அன்பு வந்ததில்லை. பிள்ளைக்காகத் தன்னைப் பள்ளத்தில் தூக்கிப் போட்டிருக்கிறான். வேலையில் பிழை விட்டான், யார்தான் விடவில்லை, பைப் ஒழுகுவது தெரியாமல், காற்றுத்தான் நிற்கிறது என்று நம்பிவிட்டான் என்று அவள் மனம் அவனுக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

அப்போது அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"எனக்கு நேத்தே தெரியும் புள்ள. நீ சொன்னதும் அடியில பாத்தேன். நட்டுல ஒரு சொட்டு நின்னுச்சு. தொடச்சேன். திரும்பவும் வந்துச்சு. திரும்பவும் தொடச்சிட்டு வெளிய வந்துட்டேன்."

அவள் அவன் கையை விடவில்லை. ஆனால் அந்தக் கையில் இருந்த எதுவோ அவளை விட்டுப் போய்விட்டது. தேயிலைச் செடிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெரிந்துமா பிள்ளையை ஏற்றினீர்கள் என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அவன் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

கீழேயிருந்து ஏழெட்டுப் பேர் கடப்பாரையோடு வந்தார்கள். கதவைப் பெயர்த்து அவனை வெளியே எடுத்தார்கள். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மகளுக்காகப் பள்ளத்தில் பாய்ந்த தகப்பன் என்ற பேச்சு தோட்டம் முழுக்கப் பரவி, ஹட்டன் நகரம் வரைக்கும் போனது. பார்க்க வந்தவர்கள் அவன் கட்டில் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். சின்னராசா பழம் வாங்கி வந்து, இப்படி ஒரு அப்பன் கிடைக்கப் பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அழுதார். நிலக்ஷியும் பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே. அவன் திருப்பியது நிஜம்தான். முதல் நாளே அவன் துடைத்த அந்தச் சொட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஜீவராணி அதை யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம் சாகும் வரை சொல்லப்போவதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பகல், பார்க்க வந்த கூட்டம் போன பிறகு, அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என் மேல் கோபமா என்று அவன் கேட்டான். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் திருப்புனதுக்கு ஒங்கள கையெடுத்துக் கும்புடுறேன். தெரிஞ்சே ஏத்துனீங்களே, அத வச்சுக்கிட்டு என்ன செய்யிறதுன்னுதான் எனக்குத் தெரியல" என்றாள்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, கஞ்சி ஆறிவிடும், திரும்புங்க என்றாள்.